வாளி வந்துவிட்டது, விளக்கம் வரவில்லை: உணவு, தோட்டக் கழிவுச் சேகரிப்பை வீடுகளுக்குச் சொல்வது எப்படி?

உணவுக் கழிவைத் தனியாக வாங்க வேண்டும் என்ற சட்டங்கள் சில ஆண்டுகளாக வரிசைகட்டி வருகின்றன. கலிஃபோர்னியாவின் விதிகள் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு 2023 டிசம்பர் 31 கெடு. அதற்குள் மக்கும் கழிவைத் தனியாகச் சேகரிக்க வேண்டும், அல்லது சேரும் இடத்திலேயே உரமாக்க வேண்டும். இங்கிலாந்தில் வீடுகளிலிருந்து வாரந்தோறும் உணவுக் கழிவு எடுப்பதற்கான கெடு 2026 மார்ச் 31. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2025-இல் இயற்றிய சட்டப்படி, 2030 ஜூலை 1-க்குள் உணவு, தோட்டக் கழிவுச் சேவை எல்லா வீடுகளுக்கும் கிடைத்தாக வேண்டும்.

இந்தக் கெடுக்கள் நகராட்சிகளுக்கு. வேலை நடப்பதோ சமையலறையில், ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை, கை ஈரமாக இருக்கும் நேரத்தில். அங்கே நகராட்சியின் குரலாக இருப்பது ஒரு வாளியும் ஒரு நோட்டீசும் மட்டுமே. நோட்டீசில் பச்சை நிறத்தில் ‘போடலாம்’ பட்டியல், சிவப்பு நிறத்தில் ‘போடக்கூடாது’ பட்டியல். அதைப் படித்த பிறகும் கேள்விகள் குறைவதில்லை. பக்கத்து ஊரில் காகிதத் துண்டைப் போடலாம் என்கிறார்களே, இங்கே ஏன் கூடாது? பையில் ‘மக்கும்’ என்று அச்சிட்டிருக்கிறதே, அதை ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்? பொதுக் குப்பைக்கான பழைய தொட்டியை எடுக்க ஏன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறார்கள்?

இந்தக் குழப்பத்துக்குத் தகவல் போதாமை காரணமென்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பாதிதான் உண்மை. தகவல் ஏராளமாகவே போகிறது. அதில் காரணம் இருப்பதில்லை, அது வேண்டிய இடத்திலும் இருப்பதில்லை. போதாக்குறைக்கு, சேவையின் அமைப்பில் உள்ள குறைகளைக்கூட நோட்டீஸ் அடித்துத் தீர்க்கப் பார்க்கிறார்கள்.

## அடிப்படை

சமையலறையில் சேர்வது தோல், சக்கை, மிச்சம், எலும்பு, முட்டையோடு. தோட்டத்தில் சேர்வது புல், இலை, களை, சுள்ளி. முதல் வகையில் நீரும் நைட்ரஜனும் மிகுதி. இரண்டாம் வகையில் மரத்தன்மை கொண்டவற்றில் கார்பன் மிகுதி. பின்னால் வரப்போகும் விதிகளில் பாதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறப்பவை.

இரண்டும் குப்பைமேட்டுக்குப் போய்க் காற்றுப் புகாமல் புதையும்போது, நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து மீத்தேனை வெளியிடுகின்றன. பூமியைச் சூடாக்குவதில் மீத்தேன், எடைக்கு எடை, நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வலியது. இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கும் மேல். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகெங்கும் வீணான உணவு, உண்ணாத பகுதிகளையும் சேர்த்து, 105 கோடி டன். இதில் சுமார் 63 கோடி டன் வீடுகளிலிருந்து வந்தது. உணவகங்களையும் கடைகளையும் சேர்த்தாலும் வீடுகளின் பங்குக்குக் கீழேதான். ஆகவேதான் இந்தச் சட்டங்கள் வீட்டு வாசலுக்கு வருகின்றன.

ஒரு சேவை எப்படி நடக்கிறது என்று பார்க்க மூன்று அளவுகள் உண்டு. செய்திகளில் இவை அடிக்கடி ஒன்றோடொன்று குழம்புகின்றன.

1. பங்கேற்பு: குறிப்பிட்ட காலத்தில் எத்தனை வீடுகள் ஒருமுறையேனும் தொட்டியை வெளியே வைத்தன.
2. பிரிப்பளவு: வீடுகளில் உண்டான மொத்த உணவுக் கழிவில் எவ்வளவு சரியான தொட்டிக்கு வந்தது. எஞ்சியது பழையபடி பொதுக் குப்பையில்தான் கிடக்கிறது.
3. கலப்பு: மக்கும் கழிவுத் தொட்டிக்குள் வந்துசேர்ந்த பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம், இன்னபிற.

மூன்றும் சேர்ந்து உயராது, சேர்ந்து இறங்காது. ‘எல்லா உணவையும் போடுங்கள்’ என்று தாராளமாக அழைத்தால் பிரிப்பளவு கூடும், பொட்டலத்தோடு போடுகிறவர்களும் கூடுவார்கள். எச்சரிக்கைகளை அடுக்கினால் கலப்பு குறையும், ‘எதற்கு வம்பு’ என்று எலும்பையும் கெட்டுப்போன சாப்பாட்டையும் பழைய தொட்டியிலேயே போடுகிறவர்கள் பெருகுவார்கள். எந்தக் கட்டத்தில் எந்த அளவு முக்கியம் என்று தீர்மானிக்காமல் எழுதப்படும் நோட்டீஸ் இரண்டையும் கெடுத்துக்கொள்கிறது. என் கணிப்பில், முதல் சில மாதங்களுக்கு அழைப்பே முன்னால் நிற்க வேண்டும். பழக்கம் படிந்த பிறகு திருத்தலாம். பழக்கமே வராத வீட்டில் திருத்த எதுவும் இல்லை.

## பட்டியலை எழுதுவது ஆலை

எது போகலாம், எது கூடாது என்பதை அதிகாரியின் விருப்பம் தீர்மானிப்பதில்லை. கழிவு போய்ச் சேரும் ஆலை தீர்மானிக்கிறது. ஆலைகளில் பெரும்பாலும் இரண்டு வகை.

முதலாவது கம்போஸ்ட் ஆலை. இங்கே காற்றோட்டத்தோடு மக்கவைத்து உரமாக்குகிறார்கள். கார்பனும் நைட்ரஜனும் ஏறத்தாழ 25 அல்லது 30-க்கு ஒன்று என்ற விகிதத்தில் இருந்தால் குவியல் நன்றாக வேலை செய்யும். உணவுக் கழிவு மட்டும் போனால் குழம்பாகி, காற்றுப் புகாமல், நாற்றமெடுக்கும். இலையும் சுள்ளியும் கலந்தால் இடைவெளி உண்டாகி, கார்பனும் சேர்ந்து, குவியல் சூடேறும். இங்கே இரண்டையும் ஒரே தொட்டியில் வாங்கக் காரணம் இதுதான். குவியல் 55 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து சில நாள் நிற்க வேண்டும் என்று தரவிதிகள் கேட்கின்றன. மூடிய கலனில் மக்கவைக்கும் முறையில் குறைந்தது மூன்று நாள். அந்தச் சூட்டில் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் அழிகின்றன. கொல்லைப்புற உரக்குழியில் போடக்கூடாது என்று சொல்லும் இறைச்சியையும் எலும்பையும் நகராட்சித் தொட்டியில் போடலாம் என்பதற்கு இதுவே காரணம். இந்த ஒரு வரி எத்தனையோ நோட்டீஸ்களில் இல்லை. வீட்டில் உரம் போட்டுப் பழகியவர்கள்தான் இதனால் அதிகம் குழம்புகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த விதிக்கு நேர்மாறாக அல்லவா நோட்டீஸ் சொல்கிறது!

இரண்டாவது உயிரிவாயு ஆலை. காற்றில்லாத கலனில் நுண்ணுயிர்கள் கழிவைச் செரித்து, எரிக்கக்கூடிய வாயுவைத் தருகின்றன. உணவுக் கழிவு இதற்கு அருமையான தீனி. ஆனால் மரச்சுள்ளிக்கு விறைப்புத் தரும் லிக்னின் என்ற பொருளை இந்த நுண்ணுயிர்களால் செரிக்க முடியாது. கழிவைக் கூழாக்கிச் செரிக்கும் ஈரமுறைக் கலன்களில் சுள்ளி குழாயையும் கலக்கியையும் அடைக்கும். எனவே இத்தகைய ஆலை உள்ள ஊர்களில் உணவு ஒரு தொட்டி, தோட்டக் கழிவு இன்னொரு தொட்டி. விலங்குப் பொருள் கலந்த கழிவைச் செரிக்கும் ஆலைகளுக்கு ஐரோப்பிய விதிகளின் பொதுவான நிபந்தனை, 12 மில்லிமீட்டருக்கு மிகாத துண்டுகளாக அரைத்து 70 டிகிரியில் ஒரு மணி நேரம் வைப்பது.

பை விஷயமும் இங்கேயே முடிவாகிறது. ஈ.என். 13432 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி, ஒரு பொருள் ஆலைச் சூழலில் 12 வாரத்தில் சிதைந்து, அதில் பத்தில் ஒன்பது பங்கு 2 மில்லிமீட்டர் சல்லடை வழியே போகும் அளவுக்கு நொறுங்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் 90 விழுக்காடு உயிரியல் முறையில் மாற்றமடைய வேண்டும். ‘இயற்கையில் சிதையும்’ என்று மட்டும் அச்சிட்ட பைக்கு இத்தகைய காலக்கெடு எதுவும் இல்லை. சில வெறுமனே துகளாகிக் கம்போஸ்டில் தங்கிவிடும். சான்று பெற்ற பையாகவே இருந்தாலும், உயிரிவாயு ஆலையின் முகப்பில் உள்ள எந்திரம் பைகளையெல்லாம் கிழித்துப் பிரித்தெடுத்துவிடுமானால், அது மக்கினாலும் மக்காவிட்டாலும் ஒன்றுதான். சில ஊர்களில் சாதாரண பிளாஸ்டிக் பையையே அனுமதிப்பதும், வேறு சில ஊர்களில் சான்று பெற்ற பையையும் மறுப்பதும் இதனால்தான்.

காகிதத் துண்டுக்கும் இதே கதை. நியூ சவுத் வேல்ஸில் காகிதம், அட்டை, மக்கும் பொட்டலங்கள் ஆகியவற்றை மக்கும் கழிவுத் தொட்டியில் போட அனுமதியில்லை. எண்ணெயும் நீரும் ஒட்டாதிருக்கச் சில பொட்டலங்களில் சேர்க்கப்படும், எளிதில் அழியாத ஃபுளோரின் வேதிப்பொருள்கள் கம்போஸ்ட் வழியாக மண்ணுக்குப் போய்விடும் என்ற கவலை இதன் பின்னால் இருக்கிறது. ஆனால் தெற்கு ஆஸ்திரேலியாவின் பல நகராட்சிகளில் அழுக்கான காகிதத் துண்டைப் போடலாம். இரண்டு ஊரிலும் உறவினர் உள்ள குடும்பத்துக்கு இது முரண்பாடாகத் தெரியும். ‘நம் கழிவு இன்ன ஆலைக்குப் போகிறது, அங்கே இப்படி நடக்கிறது, அதனால் இது கூடாது’ என்ற மூன்று துண்டுத் தொடர் நோட்டீசில் இருந்தால் முரண்பாடு மறைந்துவிடும். காரணம் தெரிந்தவருக்குப் பட்டியலில் இல்லாத பொருளைப் பற்றியும் தானே முடிவெடுக்க வரும். ஒரு வீட்டில் கைமாறும் பொருள்கள் அத்தனையையும் எந்தப் பட்டியலாலும் அடக்க முடியாது.

தோட்டக் கழிவில் இரண்டு பொருளைத் தனியாகக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. ஒன்று, பூச்சி அரிக்காதிருக்க ரசாயனம் ஏற்றிய மரக்கட்டை; பழைய கட்டைகளில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் இருக்கக்கூடும். மற்றொன்று, குளோபைராலிட் போன்ற நின்று வேலை செய்யும் களைக்கொல்லி அடித்த புல். கம்போஸ்ட் சூட்டிலும் முழுதாகச் சிதையாமல், அந்த உரத்தைப் போட்டவரின் தக்காளிச் செடியைச் சுருட்டிவிடும். பட்டியல்களில் இந்தப் புல் இடம்பெறுவது அபூர்வம்.

## வீட்டார் உண்மையில் கேட்பவை

நோட்டீஸ் ‘எதைப் போடலாம்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. வீட்டில் முதலில் எழும் கேள்விகள் வேறு.

1. நாறாதா, புழு வைக்காதா? சேவையில் சேராதவர்கள் சொல்லும் காரணங்களில் முன்னணியில் இருப்பது இது. ‘அப்படியெல்லாம் ஆகாது’ என்று மழுப்புவது மோசமான பதில். ஒருநாள் புழுவைப் பார்த்துவிட்டால் நகராட்சி சொன்ன மற்றவற்றின் மீதும் நம்பிக்கை போய்விடும். நேர்மையான பதிலில் மூன்று பகுதி உண்டு. இதே உணவு நேற்றுவரை பொதுத் தொட்டிக்குள்தான் இருந்தது, புதிதாக எதுவும் வீட்டுக்குள் வரவில்லை. ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள்ளேயே பொரியக்கூடும், வெயில் காலத்தில் ஒரு வாரம் பத்து நாளில் அதுவே ஈயாகிவிடும். ஆகவே வாராவாரம் வண்டி வரும்போது பாதிதான் நிறைந்திருந்தாலும் தொட்டியை வெளியே வைத்துவிட வேண்டும். மூன்றாவது ஈரம்: காற்றுத் துளையுள்ள வாளியில் மக்கும் பை போட்டால் உள்ளே நீராவி தேங்காமல் கழிவு சற்று உலர்கிறது, வாடையும் குறைகிறது. மிலான் நகரம் 2012-இல் தொடங்கி 2014 ஜூனுக்குள் நகரின் நான்கு பகுதிகளுக்கும் படிப்படியாகச் சேவையை விரித்தபோது வீடுகளுக்குக் கொடுத்தது இத்தகைய துளை வாளியும் மக்கும் பையும்தான். அடுக்குமாடிகள் நெருங்கிய, 13 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரத்தில் அது நடந்தது.

2. பழைய தொட்டியை ஏன் குறைத்துவிட்டார்கள்? மக்கும் கழிவை வாரம் ஒருமுறையும் பொதுக் குப்பையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் எடுப்பது பல ஊர்களில் வழக்கம். நாறுகிற பொருள் வாராவாரம் போய்விடுகிறது, நாறாதது காத்திருக்கலாம் என்பதே இதன் தர்க்கம். செலவுக் கணக்கும் இதில் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. தவறு நடப்பது, புதிய வாளியைப் பெரிய எழுத்தில் அறிவித்துவிட்டுப் பழைய தொட்டியின் மாற்றத்தைக் கடைசிப் பத்தியில் ஒளிப்பதில்தான். குழந்தைகளின் டயாப்பர் உள்ள வீடு, மருத்துவக் கழிவு உள்ள வீடு, பத்துப் பேர் வாழும் வீடு ஆகியவற்றுக்கு இரண்டு வாரம் போதாது. ‘இப்படிப்பட்டவர்கள் பெரிய தொட்டி கேட்டுப் பெறலாம், இந்த எண்ணை அழையுங்கள்’ என்ற வரி முதல் பக்கத்தில் இருந்தால் பாதிக் கோபம் கிளம்பாமலே போகும்.

3. கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்? சந்தேகம் அடிப்படையில்லாதது என்று சொல்ல முடியாது. நடுவில் தடுப்புள்ள வண்டி, இரண்டு தொட்டியையும் ஒரே வாயில் வாங்குவதுபோல் தெருவிலிருந்து தெரியும். கலப்பு அதிகமான சுமை உண்மையிலேயே ஆலையில் மறுக்கப்பட்டுக் குப்பைமேட்டுக்குப் போவதும் உண்டு. இரண்டையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. ஆண்டுக்கொருமுறை எத்தனை டன் போனது, எவ்வளவு மறுக்கப்பட்டது, உரம் எங்கே விற்றது என்ற மூன்று தகவல்களை வரி ரசீதின் பின்பக்கத்தில் அச்சிட ஆகும் செலவு மிகக் குறைவு.

4. எங்கள் வீட்டில் கழிவே இல்லை. இதற்கு வாதாட வேண்டாம். தேயிலைச் சக்கையும் முட்டையோடும் உணவுக் கழிவுதான் என்று ஒரு படம் காட்டினால் போதும்.

## நோட்டீஸ் எப்போது வேலை செய்கிறது

சுவீடனிலிருந்து இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். மால்மோ நகரக் குடியிருப்புகளில் நடந்து 2014-இல் வெளிவந்த ஆய்வில், எழுத்து மூலம் தகவல் கொடுத்த வீடுகளில் பிரிப்பளவு நிலையாக உயரவில்லை; சமையலறைக்குள்ளேயே பிரித்து வைக்கும் சாதனம் பொருத்தப்பட்ட வீடுகளில் தெளிவாக உயர்ந்தது. இதைப் படித்தவர் நோட்டீஸ் வீண் என்ற முடிவுக்கு வருவார். ஆனால் 2018-இல் வெளிவந்த ஸ்டாக்ஹோம் ஆய்வில் ஒரு நோட்டீஸ் மட்டுமே கொடுத்து, சேகரித்த உணவுக் கழிவு கூடியதும், அந்த ஏற்றம் பல மாதங்கள் நீடித்ததும் பதிவாகியிருக்கின்றன.

முரண்பாடா? ஸ்டாக்ஹோம் நோட்டீஸ் நடத்தை அறிவியலின் முடிவுகளை வைத்து வடிவமைக்கப்பட்டது. அக்கம்பக்கத்தார் செய்கிறார்கள் என்பதைக் காட்டுவது, செய்ய வேண்டியதை எளிய படிகளாகத் தருவது போன்ற கூறுகள் அதில் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: இடம் இல்லாதவருக்கு எழுத்து உதவாது. இடமும் வாளியும் இருந்தும் தயங்குகிறவரை நல்ல எழுத்து நகர்த்தும். எனவே நோட்டீஸ் அச்சிடுமுன் கேட்க வேண்டியது, இந்த ஊரில் தடையாக நிற்பது சமையல் மேடையில் இடமின்மையா, மனத்தயக்கமா என்பதே. அதைக் கேட்காமலே அச்சகத்துக்கு ஓடுகிறார்கள்.

இடத்தின் வலிமைக்கு இன்னொரு சான்று, கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாடிக் குடியிருப்புகளில் நடத்திய சோதனை. மக்கும் கழிவுத் தொட்டியைத் தரைத்தளத்திலிருந்து ஒவ்வொரு மாடிக்கும் நகர்த்தியபோது சேகரிப்பு 70 விழுக்காடு உயர்ந்ததாக 2017-இல் பதிவானது. சொல்லப்பட்ட செய்தி மாறவில்லை, நடக்க வேண்டிய தூரம்தான் மாறியது.

இனி ஸ்டிக்கர். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை இரு பகுதியாகப் பிரித்து நடத்திய ஆய்வில், ஒரு பகுதி வீடுகளின் தொட்டிகளில் மட்டும், உணவுக் கழிவைத் தனியே போட நினைவூட்டும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஸ்டிக்கர் ஒட்டிய பகுதியில் பிரிப்பளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தது. வீட்டுக்குள் வந்த நோட்டீஸ் ஒருமுறை படிக்கப்பட்டு மேசை இழுப்பறைக்குப் போய்விடுகிறது. தொட்டி மூடி மேல் உள்ள வரி, தவறு நடக்கப்போகும் அந்தக் கணத்தில், அந்த இடத்தில் இருக்கிறது. புதிய வாளியில் ‘உணவு மட்டும்’ என்று எழுதுவதைவிடப் பழைய தொட்டியில் ‘உணவு வேண்டாம்’ என்று எழுதுவதில் பலன் அதிகம் இருக்கக்கூடும். வாளியைத் திறக்கிறவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர். முடிவு செய்யாதவர் நிற்பது பழைய தொட்டி முன்னால்.

## தவறைச் சுட்டிக்காட்டுவது

கலப்பு பெருகியதும் நகராட்சிகள் வழக்கமாக எழுதுவது: ‘பல வீடுகள் பிளாஸ்டிக்கைப் போடுகின்றன, இது நிற்க வேண்டும்.’ இந்த வாக்கியமே தீங்கு செய்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாகிப்போன மரங்கள் உள்ள தேசியப் பூங்காவில் உளவியலாளர் ராபர்ட் சியால்டினியின் குழு இதைச் சோதித்தது. முன்பு வந்தவர்கள் பலர் கல்லை எடுத்துப்போனார்கள் என்று சொன்ன பலகை வைத்த பாதையில் திருட்டு அதிகமாகவே நடந்தது. எல்லாரும் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டவர் தானும் செய்வதில் தப்பில்லை என்று எடுத்துக்கொள்கிறார். கலப்பைக் குறைக்க வேண்டுமானால், சரியாகச் செய்யும் பெரும்பான்மையை முன்னால் நிறுத்தி, தவறைத் தவறு செய்தவரிடம் மட்டும் சொல்ல வேண்டும்.

அதற்குத் தெரிந்த வழி தொட்டியில் தொங்கவிடும் சீட்டு. தூய்மைப் பணியாளர் மூடியைத் திறந்து பார்த்து, கண்ட பொருளைக் குறித்து, சீட்டைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போகிறார். சீட்டில் இருக்க வேண்டியவை:

1. என்ன பொருள் இருந்தது, குறிப்பாக. ‘தவறான பொருள்’ என்பது யாருக்கும் உதவாது. ‘பிளாஸ்டிக் பை’ என்றால் புரியும்.
2. அது எங்கே போயிருக்க வேண்டும்.
3. இந்த முறை எடுத்தோமா, விட்டுவிட்டோமா. விட்டிருந்தால் இப்போது என்ன செய்வது.

சரியாக வைத்த வீட்டுக்கும் அவ்வப்போது ஒரு நன்றிச் சீட்டு போக வேண்டும். இல்லாவிட்டால் சீட்டு என்றாலே அவமானம் என்றாகிவிடும், தெருவே பார்க்க அதைக் கிழித்தெறிவார்கள். அபராதம் பல ஊர்ச் சட்டங்களில் இருக்கிறது. சில முறை சீட்டு கொடுத்து, ஒருமுறை நேரில் பேசிப் பார்த்த பிறகே அதற்குப் போவது முறை. மூன்று சீட்டுக்குப் பிறகும் தவறு தொடர்ந்தால் பெரும்பாலும் காரணம் பிடிவாதமாக இருக்காது. குத்தகைக்குப் புதிதாக வந்தவராக இருப்பார், நோட்டீசின் மொழி தெரியாதவராக இருப்பார், அல்லது தொட்டியில் வழிப்போக்கர் யாரோ போட்டிருப்பார்.

அடுக்குமாடியில் சீட்டு செல்லாது. பொதுத் தொட்டியில் யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. தென்கொரியா இதற்கு வேறு வழி கண்டது. 2005-இல் உணவுக் கழிவை அப்படியே புதைக்கத் தடை விதித்தது. 2013 முதல் அளவுக்கேற்பக் கட்டணம். பல அடுக்குமாடிகளில், அட்டையைக் காட்டினால் மூடி திறந்து, போட்ட கழிவை எடைபோட்டு, வீட்டுக் கணக்கில் ஏற்றும் எந்திரத் தொட்டிகள் நிற்கின்றன. இதைக் கட்டண முறை என்றே எல்லாரும் பேசுகிறார்கள். செய்தித்தொடர்பாகப் பார்த்தாலும் அது வலுவானது: ஒவ்வொரு முறையும், அந்த இடத்திலேயே, உங்கள் வீட்டுக்கான எண் திரையில் வருகிறது. எந்த நோட்டீசாலும் அதைச் செய்ய முடியாது.

## எப்போது, யார் சொல்வது

வரிசை கெட்டால் நல்ல செய்தியும் வீணாகும். வாளி வருவதற்குச் சில வாரம் முன்னால் ‘ஏன், எப்போது, எது மாறுகிறது’ என்ற கடிதம். வாளிக்குள்ளேயே ‘எப்படி’ என்ற ஒற்றைப் பக்கம், ஒரு சுருள் பை. முதல் சேகரிப்புக்கு முந்தைய நாள் நினைவூட்டும் குறுஞ்செய்தி. இரண்டு மூன்று வாரம் கழித்து, அதுவரை வந்த கேள்விகளுக்குப் பதில். நான்காவதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பணம் முழுவதும் தொடக்க விழாவில் தீர்ந்துபோயிருக்கும். முதல் புழுவைப் பார்ப்பதும், பைச் சுருள் தீர்ந்துபோவதும் அதற்குப் பிறகுதான்.

யார் சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். வாசலில் வாராவாரம் வந்து நிற்பவர் தூய்மைப் பணியாளர். அவரிடம் கேட்டால் ஒரு பதிலும் அழைப்பு மையத்தில் கேட்டால் வேறு பதிலும் வந்தால், மக்கள் தமக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார்கள். நோட்டீஸ் வீடுகளுக்குப் போவதற்கு முன் வண்டியில் இருப்பவர்களுக்குப் பயிற்சி முடிந்திருக்க வேண்டும். பல மொழி பேசும் ஊரில் நீண்ட நோட்டீசை ஏழு மொழியில் பெயர்ப்பதைவிட, நிஜப் பொருள்களின் புகைப்படம் உள்ள ஒரு அட்டை நன்றாக வேலை செய்யும். வரைபடச் சின்னங்களில் பையும் பொட்டலமும் ஒரேமாதிரி தெரிகின்றன.

## சொல்லித் தீராதவை

பைச் சுருள் தீர்ந்தால் எங்கே கிடைக்கும் என்று தெரியாத ஊரில் பங்கேற்பு சரிவதை எந்த விளம்பரமும் தடுக்காது. சுருள் தீர்ந்ததைக் காட்ட வீட்டார் தொட்டியில் கட்டிவைத்த வண்ணப் பட்டையைக் கண்டதும் பணியாளர் புதிய சுருளை வைத்துவிட்டுப் போகும் ஏற்பாடு தடுக்கும். ஒரு வாரம் வண்டி தவறினால், அடுத்த வாரம் அந்தத் தெருவில் தொட்டிகள் குறையும். மூடி சரியாக மூடாத வாளிக்கு ‘மூடி வையுங்கள்’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவது கேலியாகவே முடியும். இவை செய்தித்தொடர்புப் பிரிவின் மேசைக்கு வரும்போது, அந்தப் பிரிவு அவற்றைச் சேவைப் பிரிவுக்கே திருப்பி அனுப்பும் துணிவோடு இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் நுட்பமானது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட சாப்பாட்டுச் சோதனையில், உணவு வீணாவதன் கேட்டைப் பற்றி அறிந்தவர்கள் குறைவாக மிச்சம் வைத்தார்கள். மிச்சம் எல்லாம் கம்போஸ்ட் ஆகும் என்றும் சொன்னபோது அந்தப் பலன் மறைந்துவிட்டது. வீணாவது நல்வழிக்குப் போகிறது என்று தெரிந்தால் மனம் இளகிவிடுகிறது. ஆகவே ‘உங்கள் மிச்சம் உரமாகிறது, ஆற்றலாகிறது’ என்று கொண்டாடும் சுவரொட்டியை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. அளவாக வாங்குவதும் சமைப்பதும் முதல் வரி, தொட்டி இரண்டாவது வரி என்ற வரிசை செய்தியில் தெரிய வேண்டும்.

இந்த வரிசை முடிவுகளை அளப்பதையும் சிக்கலாக்குகிறது. இரண்டாம் ஆண்டில் தனித்தொட்டிக்கு வரும் உணவுக் கழிவின் எடை குறைந்தால், செய்திகளில் ‘திட்டம் தோல்வி’ என்று தலைப்பு வரும். மக்கள் பிரிப்பதை நிறுத்தியிருக்கலாம். அல்லது தங்கள் வீட்டில் எவ்வளவு வீணாகிறது என்று வாளியில் பார்த்துவிட்டுக் குறைத்துக்கொண்டிருக்கலாம். தனித்தொட்டியின் எடையை மட்டும் வைத்து எது நடந்தது என்று சொல்ல முடியாது. அதே வீடுகளின் பொதுக் குப்பையை மாதிரிக்கு எடுத்து, கொட்டி, கையால் பிரித்து, அதில் எஞ்சியிருக்கும் உணவை நிறுத்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் உணவு குறைந்திருந்தால் வீடுகள் வீணாக்குவதைக் குறைத்திருக்கின்றன. அங்கே கூடியிருந்தால் பிரிப்பதை விட்டுவிட்டன.